இடப்பக்க இருக்கை

முடித்துவிட்டுப் போகட்டும் என்கிறார்கள். டீக்கடையில் நிற்கிறவர் சொல்கிறார், பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர் சொல்கிறார், வங்கியில் வண்டிக்கடன் பார்க்கிறவர் சொல்கிறார், என்னோடு வேலை செய்யும் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எல்லோரையும்விட அழுத்தமாக, ஏறக்குறையக் கோபமாக, லாரி ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். "டிகிரிய முடிச்சுப்போட்டு அப்பறம் எந்தக் கருமத்துக்கு வேணாலும் போகட்டுமுங்க." மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிற ஒரு பையன் படிப்பை நிறுத்திவிட்டு வண்டிக்குப் போகலாமா என்று யோசிக்கிறான் என நான் பேச்சைத் தொடங்கியதுமே இந்த வாக்கியம் வந்து விழுகிறது. அவன் யார், எத்தனை பாடம் பாக்கி, என்ன வண்டி, எந்த லைன் என்று யாரும் விசாரிப்பதில்லை. தப்பான வாக்கியம் என்று சொல்ல மாட்டேன். என் நாக்கின் நுனியிலும் அதுதான் நின்றது. ஆனால் சில மாதங்களாக என்னை அரித்துக்கொண்டிருப்பது அதன் சரி தவறு இல்லை. கோழித்தீவன விலையிலிருந்து கோயில் முதல் மரியாதை வரை எதிலும் ஒத்துப்போகாத ஊர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எப்படி ஒரே குரலில் பேசுகிறது? அதுவும் லாரியால் சோறு தின்ற ஊர்.

நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. அதற்கு வெகு முன்பே இங்கே தனியாக ஒரு நாடு இருந்தது என்றும் சொல்லலாம். அதன் எல்லை இந்த ஊர் வண்டிகள் போய் நிற்கிற இடம் வரைக்கும். வானம் பார்த்த மேட்டுக்காட்டில் கடலையும் சோளமும் போட்டுச் சலித்தவர்கள் நிலத்தை விற்றும் அடகு வைத்தும் வண்டி வாங்கினார்கள். நாமக்கல்லில் டேங்கரும் டிரெய்லரும், சங்ககிரியில் லோடு லாரி, திருச்செங்கோட்டில் ரிக். இந்தியாவின் ஏதோ ஒரு மூலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வண்டியின் பக்கவாட்டில் திருச்செங்கோடு என்று எழுதியிருந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. நான் பள்ளிக்குப் போன காலத்தில் கேபின் இல்லாத வெறும் சேசிஸ்கள் வரிசையாக ஊருக்குள் வரும். ஒரு பலகையில் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றி, கண் மட்டும் தெரிய, வெயிலையும் தூசியையும் நேராக வாங்கிக்கொண்டு ஓட்டி வருவார்கள். பட்டறைக்குள் போன அந்த எலும்புக்கூடு சில வாரங்களில் தேக்கும் இரும்பும் பெயின்டுமாக, நெற்றியில் குலதெய்வத்தின் பேரோடு வெளியே வரும். வெல்டிங் புகையும் மரத்தூளும் தின்னரும் கலந்த ஒரு வாசனை அந்தத் தெருக்களுக்கு உண்டு, இன்றும் உண்டு. இப்போது வண்டிகள் பெரும்பாலும் கம்பெனிக் கேபினோடு வந்துவிடுகின்றன. காலை ஏழரைக்குச் சேலம் சாலையில் நின்றால் லாரிகளைவிட மஞ்சள் நிறக் கல்லூரிப் பேருந்துகள்தாம் கண்ணை நிறைக்கின்றன. லாரியிலும் ரிக்கிலும் கோழியிலும் சேர்ந்த பணம் ஒரு கட்டத்தில் விடுதிப் பள்ளிகளாகவும் பொறியியல் கல்லூரிகளாகவும் எழுந்து நின்றது. அந்தக் கட்டடங்களுக்குள் பிள்ளைகளை அனுப்பியவர்களில் பலர் அதே லாரிகளை ஓட்டியவர்கள். தன் மகன் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பதற்காகவே ஸ்டியரிங் பிடித்த ஒரு தலைமுறை அது. ஊரின் ஒரே குரலுக்கு விளக்கம் இதிலேயே கிடைத்துவிடுகிறது என்று சில நாள் சமாதானமாக இருந்தேன். நீடிக்கவில்லை.

அதற்குக் காரணம் என் வேலை. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் தமிழாசிரியன். இப்படியொரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. அண்ணா பல்கலைக்கழகம் 2022இல் முதலாண்டு மாணவர்களுக்குத் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று இரண்டு தாள்களைக் கொண்டுவந்தது. அதன் தயவில் என் போன்றவர்களுக்கு இந்தக் கட்டடங்களில் ஒரு மேசை கிடைத்தது. பானை வனைதல், இரும்பு உருக்குதல், ஏரிப் பாசனம், கப்பல் கட்டுதல் என்று நடத்துவேன். மரபில் தொழில் எப்படிக் கைமாறியது என்று ஒரு நாள் விளக்கிக்கொண்டிருந்தபோது, "கப்பல் கட்டுனவன் எந்தக் காலேசுல படிச்சானுங்கய்யா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. பின்னால் ஆசிரியர் அறைக்கு வெளியே தூணில் சாய்ந்து நின்று, "படிப்ப நிறுத்திப்போட்டு வண்டிக்குப் போலாம்னு இருக்கனுங்கய்யா" என்று சொன்னவனும் அவன்தான். அவனுக்கு நான் சொல்லக்கூடிய எந்தப் புத்திமதியும் சுத்தமானதில்லை. கோடை பிறந்தால் இந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் ஆசிரியர்கள் கையில் பிளஸ் டூ மாணவர் பட்டியலைக் கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள்; ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று கணக்கு. நானும் போயிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து, மோரை வாங்கிக் குடித்துவிட்டு, படிப்பின் அருமையை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு பையன் பாதியில் போனால் அவன் எதிர்காலம் என்னவாகும் என்கிற கவலைக்கு அடியில், ஒரு இடம் காலியாகிறதே என்கிற கவலையும் கிடக்கிறது. இரண்டையும் எனக்குள்ளேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவன் சோம்பேறி இல்லை. அப்பா டேங்கர் ஓட்டுகிறவர். அம்மா வழியில் மாமா ஒருவரிடம் இரண்டு பன்னிரண்டு சக்கர வண்டிகள் இருக்கின்றன. ஆள் கிடைக்காமல் அதில் ஒன்று பாதி நாள் நின்றுவிடுகிறது. ஹெவி லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன், வந்துவிடு, படியும் கலெக்‌ஷனில் பங்குமாக மாதம் முப்பதாயிரம் பார்க்கலாம் என்கிறார் மாமா. படிப்பை முடித்தால் ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ டிரெய்னி வேலை. அதில் பாதிச் சம்பளம்; அறை வாடகையும் மெஸ்ஸும் போக மிஞ்சுவது பஸ் காசு. கணக்கு அவன் பக்கம் இருக்கிறது. நான் கணக்கைக் கேட்கவில்லை. பாடம் புரியவில்லையா என்று கேட்டேன். "புரியாம இல்லீங்கய்யா. புரிஞ்சு என்ன பண்றதுன்னு தெரியல" என்றான். தெர்மோடைனமிக்ஸ் உட்பட நான்கு அரியர். ஆனால் அதே பையன்தான் தொப்பூர்க் கணவாயில் வண்டிகள் ஏன் கவிழ்கின்றன என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கியவன். தர்மபுரிப் பக்கமிருந்து சேலத்தை நோக்கி வரும்போது சரிவு. டீசலை மிச்சப்படுத்துவதற்காகச் சிலர் நியூட்ரலில் விட்டுவிடுகிறார்கள். இன்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரத்தை அப்போது பிரேக் மட்டுமே தாங்குகிறது. முப்பது டன்னுக்கு மேற்பட்ட எடை உயரத்திலிருந்து இறங்கும்போது அந்தச் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். அது வெப்பமாகி டிரம்முக்குள் போகிறது. லைனர் கருகி, பிடி நழுவி, பதற்றத்தில் மிதித்து மிதித்து பிரேக்கின் காற்றழுத்தமும் இறங்கிவிடுகிறது. எங்கே படித்தாய் என்றேன். "அப்பா சொல்லுவாருங்க, ஏறுன கியர்லயே எறங்கோணும்னு. ஏன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றான். அந்த ஏனைத் தேர்வுத்தாளில் எழுதி அவனால் தேற முடியவில்லை.

முடித்துவிட்டுப் போ என்று சொல்கிறவர்கள் இந்த ஏனை மனதில் வைத்துச் சொல்வதில்லை. பட்டம் இங்கே கல்யாணச் சந்தையில் ஒரு பிடிமானம். டிரைவருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். டிரைவர் வீட்டுக்காரர்களே கொடுக்க மாட்டார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாமக்கல் என்றால் முட்டை, லாரி, அதோடு எய்ட்ஸ் என்று வெளியூரில் சேர்த்துச் சொன்னார்கள். ஒரு நோயின் பேர் ஒரு தொழிலின் மேல் ஒட்டிக்கொண்டது. நோயைப் பற்றிய அச்சம் தணிந்த பிறகும் அந்தப் பசை காயவில்லை. இங்கே பையன்களுக்குப் பெண் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்ட காலத்தில், பி.இ. என்ற இரண்டு எழுத்து ஜாதகத்தோடு போனால் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்வார்கள். பிறகு அவன் லாரிதான் ஓட்டுகிறான் என்று தெரிந்தாலும், 'படிச்ச பையன், சொந்தத் தொழில் பாக்குறான்' என்று ஒரு சொல் அவனைத் தூக்கி நிறுத்தும். படிக்காமல் ஓட்டினால் டிரைவர், படித்துவிட்டு ஓட்டினால் டிரான்ஸ்போர்ட். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. முதல் பட்டதாரி என்ற சான்றிதழை வாங்கிக் கட்டணச் சலுகையோடு மகனைச் சேர்த்த ஒரு தாய்க்கு, அந்தப் பட்டம் மதிப்பெண் பட்டியலைவிடப் பெரிய ஒன்று. வீட்டுக்கு முன்னால் நின்று 'டிரைவர் இருக்காரா?' என்று யாரும் ஒருமைக்குப் பக்கத்தில் போய்க் கூப்பிடாமல் இருப்பதற்கு அவள் கட்டுகிற தவணை. அதை வெறும் காகிதம் என்று சொல்ல, காகிதங்களால் மேசைக்கு வந்த எனக்கு உரிமை கிடையாது.

ஆனாலும் லாரி என்ற மறுபக்கத்தை நாங்கள் யாரும் நேராகப் பார்ப்பதில்லை. ஒன்று அதை நரகம் என்கிறோம், அல்லது காற்று, தாபா, வேற்றூர் விடியல் என்று கவிதையாக்குகிறோம். என் போன்ற ஆட்களுக்கு இரண்டாவது வியாதி அதிகம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனதைத் தவிர அந்தச் சாலையோடு எனக்குப் பழக்கமில்லை. ஓட்டுகிறவர்கள் பேசினால் சாலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, காத்திருப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். லோடு ஏற்ற ஒரு நாள், இறக்க இரண்டு நாள், கேட்டுக்கு வெளியே வரிசை, கழிப்பறை கிடையாது, தண்ணீர் கிடையாது. மூலம், இடுப்பு, சர்க்கரை, கண். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்றது. நான் கேட்ட டிரைவர்களில் ஒருவர், "எட்டு மணி நேரத்துல கிருஷ்ணகிரி தாண்டி ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கலாமுங்க" என்று சிரித்தார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்லது, காலம் கடந்த நல்லது. வேறொரு விஷயம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. இருபத்திரண்டு வயது டிரைவருக்கும் ஐம்பத்திரண்டு வயது டிரைவருக்கும் படி ஒன்றுதான். முப்பது வருட அனுபவத்துக்கு ஒரு ரூபாய் கூடுதல் இல்லை. மேலே ஏற ஒரே படிக்கட்டு முதலாளி ஆவது. இந்த ஊரில் பலர் அப்படி ஏறினார்கள் என்பதும் உண்மை. பழைய வண்டியை ஃபைனான்ஸில் எடுத்து, தானே ஓட்டி, அதைக் கொண்டு இன்னொன்று வாங்கி. இப்போது வண்டி விலை, டோல், டயர், இன்சூரன்ஸ், தவணை என்று அடுக்கிப் பார்த்தால் ஒற்றை வண்டிக்காரர் மூச்சுவிடுவதே சிரமம். பையனின் அப்பாவும் ஒரு காலத்தில் சொந்த வண்டி வைத்திருந்தவர். மூன்று தவணை தவறியதும் ஃபைனான்ஸ்காரர்கள் நடுரோட்டில் லோடோடு நிறுத்திச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் டேங்கரில் சம்பளத்துக்கு ஏறினார்.

அப்படியானால் அந்தப் பழைய முதலாளிகள் எங்கே கற்றார்கள்? அவர்கள் யாரும் நேராக ஸ்டியரிங்கில் உட்காரவில்லை. இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். கிளீனர். பதினான்கு, பதினைந்து வயதில் ஏறுவான். முதல் வருடம் கண்ணாடி துடைப்பது, டீ வாங்கி வருவது, நின்ற இடத்திலெல்லாம் இறங்கிக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தம் கேட்பது. காற்று இறங்கிய டயர் ஒரு மாதிரி ஒலிக்கும், உள்ளே வெடிப்பு விட்டது வேறு மாதிரி. அதைக் காதுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது, தட்டித் தட்டி வர வேண்டும். மேட்டில் நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். பின்னால் எடுக்கும்போது பாடியைத் தட்டிக்கொண்டே வரலாம் வரலாம் என்று கத்த வேண்டும், நிறுத்தச் சொல்லும் தட்டு வேறு. தார்ப்பாய் கட்டுவதற்கு ஒரு முறை, கயிறு இறுக்க ஒரு முடிச்சு, பருத்திக்கு ஒன்று இரும்புக்கு ஒன்று. சாலையோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு இரண்டு மணிக்கு டிரைவரின் கண் செருகாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்க்கதை, சினிமாக் கதை, பொய்க்கதை. அந்தப் பேச்சின் இடைவெளியில் சாலை அவனுக்குள் இறங்கியது. எந்தத் திருப்பத்தில் எதிர்வெளிச்சம் ஏமாற்றும், எந்த ஊர் மாடு குறுக்கே வரும், எந்த செக்போஸ்டில் பேசலாம், எந்த செக்போஸ்டில் பேசவே கூடாது. தெலுங்கும் கன்னடமும் இந்தியும் அந்த இருக்கையில்தான் வந்தன. மொழிக் கொள்கை பற்றி யாரும் இவர்களிடம் கருத்துக் கேட்டதில்லை. மூன்றாம் வருடம், ஆதிலாபாத் தாண்டியோ எங்கேயோ, ஆளரவமற்ற நேர்ச்சாலையில் வண்டியை ஓரங்கட்டி, "இப்படி வாடா" என்பார் டிரைவர். சட்டப்படி அது குற்றம். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் பட்டம் வாங்கியது அந்த இடத்தில்தான்.

இதைச் சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்தப் பையன்கள் பள்ளியில் இருந்திருக்க வேண்டியவர்கள். ஸ்பேனரால் அடி வாங்கியவர்கள் உண்டு. அதைவிட மோசமானதைச் சொல்லாமல் விழுங்கியவர்களும் உண்டு. சம்பளம் என்று ஒன்று கையில் வராது. இன்னாருடைய பையன் ஏறலாம், இன்னாருடையவன் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்று சாதி அந்தக் கேபினுக்குள்ளும் உட்கார்ந்திருந்தது. கிளீனர் என்ற ஆள் மறைந்துபோனதற்கு முதல் காரணம், பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனது. அதற்காக வருத்தப்படுகிறவன் மனுஷன் இல்லை. ஆனால் இருக்கை காலியானதற்குக் காரணம் அது மட்டும் இல்லை. நேஷனல் பெர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், மாற்று டிரைவர் கால் நீட்டிப் படுக்க முழுநீள இருக்கை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்தது. பெயருக்குத்தான் இருந்தது என்றாலும் இருந்தது. 2018இல் இரண்டு டிரைவர் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாடகை கட்டுபடியாகாத முதலாளிக்கு நிம்மதி. அடுத்த ஆண்டு, லாரி ஓட்ட எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதியும் போனது. ஹரியானாவின் மேவாத் பகுதியில் படிப்பில்லாத ஓட்டுநர்கள் பிழைப்பை இழக்கிறார்கள் என்று அந்த மாநில அரசு கேட்டுக்கொண்டிருந்தது. சரி, யாராவது சொந்தக்காரப் பையனைச் சும்மா கூட ஏற்றிக்கொண்டு போய்ப் பழக்கலாமே என்றால் அதுவும் லேசில்லை. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிப் போகிறவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இன்று லாரிக்குப் போகிற பையன் ஒரு டிரைவிங் ஸ்கூலின் பழைய வண்டியில் மைதானத்தைச் சுற்றிவிட்டு, லைசென்ஸோடு, தன்னந்தனியாக, வலப்பக்கம் ஏறுகிறான். பக்கத்து இருக்கையில் செல்போன் கிடக்கிறது. அது பேசும், திரும்பச் சொல்லும். கண் செருகுவது அதற்குத் தெரியாது.

மாமாவின் அழைப்பில் எனக்குத் தட்டுப்படுகிற நெருடல் இதுதான். படிப்பா தொழிலா என்று கேட்கிறோம். தொழிலுக்குள் இருந்த படிப்பு மூடப்பட்டுவிட்டது என்பதை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. அவன் மனதில் இருக்கும் லாரி அவன் அப்பா ஏறிய லாரி; அதற்கு இடப்பக்கம் என்று ஒன்று இருந்தது. இந்த வாதம் என்னைக் கல்லூரிப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. கல்லூரியில் மட்டும் யார் யார் பக்கத்தில் உட்கார்கிறார்கள்? லேப்பில் ஒரு லேத்தைச் சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள், இருவர் தொடுகிறார்கள், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் போன வருடத்து அண்ணன் எழுதியதைப் பார்த்து எழுதுகிறார்கள். தொழிற்சாலைப் பயிற்சி என்று சான்றிதழ் வருகிறது. தொழிற்சாலைக்குப் போனதாகச் சட்டையில் ஒரு எண்ணெய்க்கறைகூட இருக்காது. பாடம் நடத்துகிறவர் முந்தைய ஆண்டு எம்.இ. முடித்தவர், அவருக்கும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எதையும் காட்டியதில்லை. என்னையும் படிப்பு முடிந்த மறுவாரம் அறுபது பேர் முன்னால் நிறுத்தினார்கள். பேராசிரியர்கள் நல்லவர்கள், ஓடி ஓடிக் களைத்தவர்கள். சிலபஸ் முடிய வேண்டும், தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டும். கொங்குப் பகுதியில் மேடையேறும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்த இடத்தில் தவறாமல் ஜி.டி. நாயுடுவை இழுப்பார்கள். பள்ளிப் படிப்பையே தாண்டாதவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸைத் தானே ஓட்டித் தொடங்கியவர், பார்த்தீர்களா என்பார்கள். அவரைச் சாட்சிக்கு அழைத்துப் படிப்பைக் கைவிடச் சொல்வது மோசடி. அவர் படிப்பை வேண்டாம் என்றவர் இல்லை, கோவையில் 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரியே தொடங்கியவர். இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். அவருடைய சண்டை நான்கு ஆண்டு என்ற நீளத்தோடு. இரண்டு ஆண்டில் கற்பிக்கலாம், மிச்சம் பிள்ளைகளின் ஆயுளை வீணாக்குவது என்றார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். டிரைவராக இருந்த ஒருவர் வகுப்பறையைப் பார்த்து முதலில் கேட்டது, ஏன் இவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். காத்திருப்பின் விலை அவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டையும் செய்யலாமே என்று ஒரு நடுவழி உண்டு. நான்கு ஆண்டுப் படிப்பை ஏழு ஆண்டுக்குள் முடித்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறது. சட்டமும் குறுக்கே நிற்கவில்லை: சரக்கு வண்டி ஓட்ட இருபது வயது, கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம், அவனுக்கு இரண்டும் ஆகிவிட்டன. எரிவாயு டேங்கர் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்ற வேண்டுமென்றால் மூன்று நாள் பயிற்சி, அதோடு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். அந்த விதி வாசலில் அவனுடைய மூன்று வருடக் கல்லூரி ஒரு கணம் பயன்பட்டுவிடுகிறது. கடைசி வருடத்தை எப்படியாவது ஒப்பேற்றி, அரியரைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய், நவம்பரிலும் ஏப்ரலிலும் வந்து எழுதிவிட்டுப் போவது. இப்படிக் கிளம்பிய சிலரை எனக்குத் தெரியும். குஜராத் லைனில் இருப்பவனுக்கு ஹால் டிக்கெட் எந்தத் தேதியில் வந்தால் என்ன, இறக்கும் இடத்தில் இரண்டு நாள் தாமதமானால் தேர்வு போச்சு. ஏழு வருடம் சத்தமில்லாமல் தீர்ந்துபோகும். முழுக்க நின்றுவிடுவது என்றால் வேறு சிக்கல். மாற்றுச் சான்றிதழைக் கேட்கப் போனால் மிச்ச வருடத்துக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்கிற கல்லூரிகள் இருக்கின்றன. அப்படிச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருப்பதை அந்த கவுன்டரில் நின்று சொல்லிப் பார்த்தால் தெரியும். 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி அரியர் தேர்வுகளை அரசு ரத்து செய்தபோது முதலமைச்சருக்கு நன்றி சொல்லி மாணவர்கள் பேனர் வைத்தார்கள். ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த பேனருக்குக் காசு போட்டவர்களில் எத்தனை பேர் அன்று ஏதோ ஒரு வண்டியில் ஏற்கெனவே ஏறியிருந்தார்களோ.

பையனே ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மாமாவின் வண்டி நின்ற பட்டறைக்கு என்னை அழைத்துப் போனான். லீஃப் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அன்று ஊரில் இருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். அந்த மரியாதை எனக்கு என்னவோ போல் இருந்தது. புத்தி சொல்ல வந்த வாத்தியார் என்று நினைத்திருப்பார். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். வரும் கோடை விடுமுறையில், அல்லது ஒரு வருடம் பிரேக் எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய டிரைவர் ஒருவரோடு இவனை இடப்பக்கம் உட்காரவைத்து அனுப்பிப் பார்க்கலாமே, அதற்குப் பிறகு இவனே முடிவு செய்யட்டும். மாமா வாய்விட்டுச் சிரித்தார். "ஏனுங் வாத்தியாரே, ரெண்டு ஆளுக்குப் படி குடுக்க முடிஞ்சா நான் எதுக்குங் வண்டிய நிறுத்தி வெச்சிருக்கறேன்? சும்மா ஒக்காந்துட்டு வாரதுக்கு ஆருங்க காசு குடுப்பாங்க?" அப்பா அதுவரை ஸ்பிரிங் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஏன் மாப்ள, காலேசுல சும்மா ஒக்கார வெக்கறதுக்கு நான் வருசா வருசம் கட்டறனல்ல?" யாரும் சிரிக்கவில்லை. பட்டறைக்காரர் மட்டும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். கல்லூரியைப் பற்றிய குறையா, மாமாவுக்குக் குத்தலா, என்னைப் பார்த்துச் சொன்னதா என்று தெரியவில்லை. மகன் ஓட்டக் கூடாது என்பதில் அவர் அப்போதும் மாறவில்லை. போவதாக இருந்தால் தனியாகப் போகக் கூடாது என்பது இரண்டாவதாக வந்து சேர்ந்தது. தன்னோடு டேங்கரில் ஏற்றிக்கொள்ள அவரால் முடியாது, கம்பெனியில் விட மாட்டார்கள். மாமா கொஞ்ச நேரம் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைப்படி என்றால் யோசிக்கலாம் என்றார். தென்னிந்தியா லைன் மட்டும், வடக்கே கிடையாது என்றார் அப்பா. பையன் என்னிடம் தேர்வுக் கட்டணத்தை அபராதத்தோடு கட்ட எந்தத் தேதிவரை வாங்குவார்கள் என்று கேட்டான். அலுவலகத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் மாமா இன்சூரன்ஸ் ஏஜென்டைக் கூப்பிட்டு, கிளீனர் என்று ஒரு பேரைச் சேர்த்தால் பிரீமியம் எவ்வளவு கூடும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.